ஓசி ஆர்கெஸ்ட்ராவும் ஒரு வீணையும்: பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் விமர்சனம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பிட்ஃபயர் ஆடியோவின் 'பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர்' என்ற ஆர்கெஸ்ட்ரா ப்ளகின் (இசை மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்) ஒரு வெள்ளிகூடச் செலவில்லாமல் கிடைக்கிறது. அந்த விலைக்கு இதைவிட நல்ல ஆர்கெஸ்ட்ரா ஒலியை நான் கேட்டதில்லை. ஆனால் இறக்கி நிறுவிய கையோடு ஈக்யூவை, அதாவது அலைவரிசைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவியை, திறந்து கிண்ட ஆரம்பிப்பவருக்கு இது எரிச்சலைத்தான் தரும். இந்த ப்ளகினில் ஈக்யூ வேலையில் பாதியை கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் மாட்யுலேஷன் வீலே செய்துவிடும். அதைத் தொடாமல் ஈக்யூ போட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கலாம், காலையில் கேட்டால் அதே தகர டப்பா சத்தம்தான்.

நான் சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். மற்ற நேரத்தில் நாட்டிய நாடகங்களுக்கும், ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி மாத மேடைகளுக்கும் பின்னணி இசை செய்து கொடுக்கிறேன். கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "அண்ணே, கொஞ்சம் கிராண்டா இருக்கணும்." கிராண்ட் என்றால் வயலின் கூட்டம், ஹார்ன், டிம்பனி. அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஆர்கெஸ்ட்ராதான் கதி.

சாமான் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் மைடா வேல் என்று பிபிசியின் பழைய ஸ்டூடியோ ஒன்று உண்டு. 1930-ல் தொடங்கிய பிபிசி சிம்பனி ஆர்கெஸ்ட்ராவுக்கு அதுதான் பல காலம் வீடாக இருந்தது. அங்கே அந்தக் கலைஞர்களையே வைத்து, ஒவ்வொரு வாத்தியமாக, ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து 2019-ல் வெளியிட ஆரம்பித்தார்கள். மூன்று பதிப்புகள்: டிஸ்கவர், கோர், புரொஃபெஷனல். புரொஃபெஷனல் சுமார் 600 ஜிபி. டிஸ்கவர் சுமார் 200 எம்பி! வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் அனுப்பும் கல்யாண வீடியோ சில சமயம் இதைவிடப் பெரிதாக இருக்கும். அதனால் 8 ஜிபி ரேம் உள்ள என் பழைய மடிக்கணினியிலேயே முழு ஆர்கெஸ்ட்ராவும் திக்காமல் ஓடுகிறது. இதற்காக சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் எஸ்எஸ்டி வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

இதை நான் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் ஓட்டுகிறேன். 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிநபருக்கு 60 அமெரிக்க டாலர். கூடவே வரும் ரீஈக்யூ பார்க்க அழகாக இருக்காது. ஆனால் எத்தனை பேண்ட் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், கம்ப்யூட்டரை இழுக்காது. வேறு மென்பொருள் வைத்திருக்கும் விண்டோஸ்காரர்களுக்கு அதே ரீஈக்யூ தனியாகவும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆக, இனி சொல்லப்போவதில் எதற்கும் விலை உயர்ந்த ஈக்யூ தேவையில்லை.

சரி, வீலுக்கு வருவோம்.

டிஸ்கவரில் நீண்ட சுரங்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று டைனமிக்ஸ், இது சிசி 1 (கீபோர்டு அனுப்பும் கட்டுப்பாட்டு எண் 1), அதாவது மாட்யுலேஷன் வீல். இன்னொன்று எக்ஸ்பிரஷன், சிசி 11. இரண்டையும் நகர்த்தினால் சத்தம் ஏறும், இறங்கும். அதனால் பலர் இரண்டும் ஒன்றுதான் என்று விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்பிரஷன் வெறும் சத்தத்தை மட்டும் மாற்றுகிறது. டைனமிக்ஸ், மெதுவாக வாசித்த பதிவுக்கும் அழுத்தி வாசித்த பதிவுக்கும் இடையே நம்மைக் கொண்டுபோகிறது. வில்லை அழுத்தி இழுத்தால் வயலினில், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல்சுரங்கள் கிளம்பும். ட்ரம்பெட்டில் ஊதலைக் கூட்டினால் பித்தளைப் பளபளப்பு வரும். ஆகவே அந்த வீல் சத்தத்தோடு நிறத்தையும் சேர்த்தே திருப்புகிறது.

ஒரு உதாரணம். கல்யாணியில் ஒரு நாயகி பிரவேசம். அடியில் முதல் வயலின்கள் மேல் ஸ்தாயியில் ஒரே சுரத்தை எட்டு மாத்திரை பிடித்து நிற்கின்றன. சிசி 1-ஐ 110-ல் வைத்தால் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் காதைக் கீறும். பழக்கதோஷத்தில் கை அங்கே ஈக்யூவில் 4 டெசிபெல் வெட்டப் போகும். வெட்டினால் கீறல் போகும், கூடவே வயலினும் போய்விடும், ஏதோ அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து வருவது மாதிரி. அதற்குப் பதிலாக சிசி 1-ஐ 65-க்கு இறக்கி, குறைந்த சத்தத்தை ஃபேடரில், அதாவது ட்ராக்கின் சத்த அளவுக் கட்டுப்பாட்டில், 4 டெசிபெல் ஏற்றிப் பாருங்கள். கீறல் இருக்காது, வில்லின் உரசல் மட்டும் இருக்கும், அந்தப் பெண் மேடைக்கு வருவதற்குப் பொருத்தமான மென்மையும் இருக்கும். ஈக்யூவில் எதையும் தொடவே இல்லை.

தலைகீழாகவும் இது உண்மை. ஹார்ன் மந்தமாக இருக்கிறது என்று 5,000 ஹெர்ட்ஸில் ஏற்றுவதைவிட வீலைத் தள்ளி ஃபேடரை இறக்குங்கள். இல்லாத மேல்சுரத்தை ஈக்யூ உண்டாக்கித் தராது. அங்கே இருக்கும் இரைச்சலைத்தான் ஏற்றிக் கொடுக்கும்.

குறுகிய சுரங்களுக்கு, அதாவது வில்லைத் துள்ளவிடும் ஸ்பிக்காட்டோ, விரலால் மீட்டும் பிட்சிகாட்டோ போன்றவற்றுக்கு, இந்த வேலையைச் செய்வது வெலாசிட்டி, கட்டையை அடிக்கும் வேகம். எல்லாச் சுரத்தையும் ஒரே வேகத்தில் அடித்துவிட்டு 'மெஷின் மாதிரி இருக்கு' என்று ப்ளகினைத் திட்டுவதில் நியாயமில்லை. ஆதி தாளத்தில் ஓடும் ஸ்பிக்காட்டோவுக்கு மிருதங்கக்காரர் எங்கே அழுத்துகிறாரோ அங்கே அழுத்தம் கொடுத்தால் போதும். நம்மவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதெல்லாம் முடிந்தபிறகும் சில விஷயங்களுக்கு ஈக்யூ வேண்டும். அதில் முதலாவது, அடியில் தேங்கும் சத்தம்.

இந்தப் பதிவில் மைடா வேல் அறையும் சேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு சுரத்தின் பின்னாலும் அந்த அறையின் மூச்சு இருக்கிறது. ஒரு ட்ராக்கில் அது அழகு. ஆனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சல், ட்ராக் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் ஏறும். 16 ட்ராக் ஒன்றாக வாசித்தால் 12 டெசிபெல். அதனால்தான் வயலினைத் தனியாகக் கேட்டால் தேன் மாதிரி இருப்பது, எல்லாம் சேர்ந்ததும் கம்மென்று அடைத்துக்கொள்கிறது.

வயலினின் அடித் தந்தி 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வயலினில் அடிப்படைச் சுரம் எதுவும் கிடையாது. அங்கே கேட்பது அறையும், நாற்காலியும், மைடா வேலின் தரையும்தான். அதனால் வயலின் ட்ராக்கில் 150 பக்கம் ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி) வைப்பேன், சரிவு மிதமாக. வயோலாவின் அடித்தந்தி சுமார் 131, எனவே 100 பக்கம். பிக்கலோ 580-க்குக் கீழே போகவே போகாது, அங்கே 400-ல் வெட்டினாலும் யாருக்கும் தெரியாது. செல்லோ 65-லிருந்து தொடங்குகிறது, அதை 45-க்குக் கீழே மட்டும் துடைத்தால் போதும். டபுள் பேஸில் கையே வைக்காதீர்கள். வைப்பதாக இருந்தால் 30-க்குக் கீழே.

ஆனால் எல்லா ட்ராக்கிலும் செங்குத்தாக வெட்டித் தள்ளினால் அறையே காணாமல் போய்விடும். அப்புறம் அதை ஈடுகட்ட ரிவெர்ப், அதாவது செயற்கை அறை எதிரொலி, போட வேண்டிவரும். இலவசமாகக் கொடுத்த லண்டன் அறையைத் துரத்திவிட்டு ரிவெர்ப் ப்ளகினில் இன்னொரு அறையைக் கட்டுவது எனக்கு அபத்தமாகப் படுகிறது.

அடுத்தது 200-லிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை. இங்கேதான் எல்லாரும் வந்து நிற்பார்கள்: வயோலா, செல்லோவின் மேல்பாதி, பஸூன், ஹார்ன், ட்ராம்போன், போதாததற்கு இரண்டாம் வயலினின் அடித்தந்தி. காலை எட்டு மணிக்கு ஈசூனில் வந்து நிற்கும் வடக்கு-தெற்கு ரயில் பெட்டி மாதிரிதான். எல்லார் ட்ராக்கிலும் தலா 3 டெசிபெல் வெட்டுவது பலரும் சொல்லும் வழி. எனக்கு அது பிடிக்கவில்லை. அப்படிச் செய்தால் எல்லாரும் ஒரே அளவு மெலிந்துபோகிறார்கள், நெரிசல் அப்படியே இருக்கிறது. அந்தக் காட்சிக்கு அந்த இடத்தில் யார் வேண்டும் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரை விட்டுவிட்டு மற்றவர்களை 300 பக்கம் அகலமாக 2 அல்லது 3 டெசிபெல் இறக்குகிறேன். சோகக் காட்சியில் செல்லோ இருக்கட்டும், ஹார்ன் இறங்கட்டும். ராஜா வருகிறாரா? ஹார்ன் இருக்கட்டும், செல்லோ ஒரு ஸ்தாயி கீழே போகட்டும். கடைசியாகச் சொன்னது ஈக்யூவே இல்லை, சுரத்தை மாற்றி எழுதுவது. அதுதான் பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது.

வயலின் கீறல் வீலில் சரியாகாத சந்தர்ப்பமும் வரும். உச்சக்கட்டத்தில் அழுத்தம் வேண்டும், ஆனால் காது வலிக்கக்கூடாது. நம் காதுக்குழாயின் அமைப்பால் 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் மற்றதைவிட உரக்கக் கேட்கும், அங்கேயேதான் வயலின் கூட்டமும் கூடுகிறது. நிரந்தரமாக வெட்டினால் மெதுவான இடங்களிலும் வயலின் மங்கிவிடும். அதற்கு டோக்கியோ டானின் டிடிஆர் நோவா நல்லது. அதுவும் இலவசம்தான். சத்தம் ஒரு அளவைத் தாண்டும்போது மட்டும் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கும், இறங்கியதும் விட்டுவிடும். 2 டெசிபெல்லுக்கு மேல் அழுத்த விடுவதில்லை.

மர ஊதுவாத்தியங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புல்லாங்குழலும் கிளாரினெட்டும் வந்தபடியே வைத்துக்கொள்ளலாம். ஓபோ சில இடங்களில் 1,000 பக்கம் மூக்கால் பேசும், ஒரு சின்ன வெட்டு. ஹார்ப்புக்கும் செலஸ்டாவுக்கும் எதுவும் செய்யவேண்டாம். செலஸ்டாவை மட்டும் அளவோடு பயன்படுத்துங்கள், கொஞ்சம் அதிகமானாலும் ஷாப்பிங் மால் கிறிஸ்துமஸ் ஆகிவிடும்.

பான், அதாவது ஒலியை இடவலமாக நகர்த்தும் விஷயம், முக்கியம். இசைக்கலைஞர்களை அவரவர் இருக்கையிலேயே உட்கார வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். முதல் வயலின் இயல்பாகவே இடப்பக்கம் கேட்கும், டபுள் பேஸ் வலப்பக்கம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏதோ வீடியோவில் பார்த்தபடி வயலினை இன்னும் இடப்பக்கம் திருப்பினால், வயலினோடு சேர்ந்து அதன் அறையும் சாய்ந்துவிடும். பான் குமிழ்களை நடுவிலேயே விடுங்கள். அதற்கென்று தனியாக மெனக்கெட வேண்டாம் என்பதே இந்த லைப்ரரியின் பெரிய நன்மை.

தூரம்தான் கஷ்டம். புரொஃபெஷனலில் சுமார் இருபது மைக் பதிவுகள் தனித்தனியாகக் கிடைக்கும். கிட்ட வேண்டுமா, பக்கத்து மைக்கை ஏற்று. தள்ள வேண்டுமா, தூர மைக்கை ஏற்று. டிஸ்கவரில் முன்கூட்டியே கலந்த ஒரே கலவைதான். தள்ள வேண்டும் என்றால் 8,000-க்கு மேல் ஒரு ஷெல்ஃப் (அதற்கு அப்பால் உள்ள எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் ஈக்யூ வகை) போட்டு 2 டெசிபெல் இறக்கி, ப்ளகினிலேயே இருக்கும் ரிவெர்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறேன். காற்றும் திரைச்சீலையும் கூட்டமும் மேல் அலைவரிசைகளைத்தான் முதலில் விழுங்கும், அதனால் காது ஏமாறுகிறது. கிட்டே கொண்டுவர மட்டும் முடியவில்லை. அறை ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது, எந்த ஈக்யூவும் அதைப் பிரித்தெடுக்காது.

இதைச் செய்யும்போது எதை அளவுகோலாக வைப்பது என்று சிலர் கேட்கிறார்கள். சினிமா பாட்டை வைக்காதீர்கள். எஸ்பிளனேட் கச்சேரி அரங்கில் சிங்கப்பூர் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவை ஒருமுறை மேல்தட்டில் உட்கார்ந்து கேளுங்கள். 2002-ல் திறந்த அரங்கு, ரஸ்ஸல் ஜான்சன் ஒலியமைப்பு செய்தது. மேடைக்கு மேலே விதானத்தை ஏற்றி இறக்கலாம், எதிரொலி அறைகளின் கதவுகளைத் திறந்து மூடலாம். அங்கே கேட்டால் நிஜ வயலின்கள் நாம் நினைப்பதைவிட எவ்வளவு மங்கலாக, மெத்தென்று இருக்கின்றன என்பது தெரியும். அன்று இரவு வீட்டுக்கு வந்து நாம் 10,000 ஹெர்ட்ஸில் ஏற்றிவைத்ததைப் பார்த்தால் சிரிப்பு வரும். பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், நடக்கும் இலவசக் கச்சேரிகளும் இனிமைதான், ஆனால் அங்கே ஒலிபெருக்கி வழியாகக் கேட்பதால் அளவுகோலாக உதவாது.

இனி வீணை.

என் வேலையில் ஆர்கெஸ்ட்ரா எப்போதும் பின்னணிதான். முன்னால் நிற்பது வீணையோ, வாய்ப்பாட்டோ. என் அக்கா மகள் ஸ்டார்லைட் சாலையில் இருக்கும் நுண்கலைக் கழகத்தில் வீணை கற்றவள். எங்கள் நான்கறை வீட்டின் சாமான் அறையில், சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு அவள் வாசிப்பதைப் பதிவு செய்கிறேன். மைக் ஒரு முழ தூரத்தில். அப்படிப் பதிவான வீணை காதுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆர்கெஸ்ட்ராவோ லண்டனில் பெரிய கூடத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக ஓட்டினால், டிவி ஓடும் வீட்டில் யாரோ போனில் பேசுவது போலத் தனித்தனியாக இருக்கும்.

இதைத் தீர்க்க வீணையைத்தான் நகர்த்தவேண்டும், ஆர்கெஸ்ட்ராவை இல்லை. வீணை ஒலியின் ஒரு நகலைத் தனியாக எடுத்து ரிவெர்ப்புக்கு அனுப்புகிறேன். அதில் முன்தாமதம் 25 மில்லி செகண்ட். தந்தியை மீட்டும் ஓசை முதலில் துல்லியமாக வந்துவிடும், கூடம் பிறகு வரும், அதனால் வீணை முன்னாலேயே நிற்கும். ரிவெர்ப்புக்குப் போகும் ஒலியில் 250-க்குக் கீழும் 6,000-க்கு மேலும் வெட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் தாளத்தந்தியைத் தட்டும் ஓசையெல்லாம் கூடம் முழுக்கச் சலசலக்கும். எவ்வளவு அனுப்புவது என்பதற்கு ஒரே சோதனைதான்: வீணை ஓயும் இடத்தில் மெல்லத் தேயும் அதன் வால் பகுதி, செல்லோவின் வால் பகுதியோடு சேர்ந்து மறைகிறதா என்று கேட்பேன்.

அலைவரிசையிலும் இடம் ஒதுக்க வேண்டும். அவள் வீணையின் சுருதி மூன்று கட்டை. சாரணித் தந்தியின் ஸா சுமார் 165 ஹெர்ட்ஸ். அதாவது வீணையின் முழு உடம்பும் செல்லோவும் வயோலாவும் உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில்தான். வீணை வாசிக்கும்போது செல்லோவை 150-லிருந்து 350 வரை லேசாக இறக்கி, வீணை ஓய்ந்ததும் ஆட்டோமேஷனில் மீண்டும் ஏற்றுகிறேன். வீணையில் தந்தியை இழுக்கும் கமகத்தின் விவரம் எல்லாம் 2,000-க்கு மேல்தான் தெளிவாகத் தெரியும், அங்கே வயலின்கள் வழிவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் சில இடங்களில் ஏதோ புளிப்பாக இருக்கும். ஈக்யூவைத் திருகித் திருகிப் பார்த்தாலும் போகாது. அது சுருதி விவகாரம். ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்கள் பியானோவின் சம இடைவெளிச் சுருதிக்குச் சேர்ந்தவை. அதில் அந்தர காந்தாரம் ஸாவிலிருந்து 400 சென்ட் (ஒரு ஸ்தாயியை 1,200 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட்). தம்புராவோடு இழைந்து நிற்கும் அந்தர காந்தாரமோ 386 சென்ட். வித்தியாசம் 14 சென்ட். மூன்று கட்டை மத்திய ஸ்தாயியில் இதைக் கணக்குப் போட்டால், வீணையின் காந்தாரம் சுமார் 206 ஹெர்ட்ஸ், வயோலாவின் காந்தாரம் சுமார் 207.6. இரண்டும் சேர்ந்து நொடிக்கு ஒன்றரை முறை அலையடிக்கும். மேல் ஸ்தாயியில் அது இரட்டிப்பாகும். பஞ்சமத்தில் இந்தத் தொல்லை இல்லை, 702-க்கும் 700-க்கும் வித்தியாசம் 2 சென்ட்தான்.

ஆகவே வீணை காந்தாரத்தில் நிற்கும் இடங்களில் தந்தி வாத்தியங்களுக்கு ஸாவும் பாவும் மட்டும் கொடுக்கிறேன். காந்தாரத்தை வீணைக்கே விட்டுவிடுகிறேன். மேற்கத்திய இசை படித்த நண்பர்கள் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) நிறையவில்லை என்று குறைப்படுவார்கள். நிறைய வேண்டும் என்றால் வீணை ஓய்ந்தபிறகு நிறைத்துக்கொள்ளலாம். இதைச் செய்ததும் '3,000-ல் ஏதோ உறுத்துகிறது' என்று நாம் நினைத்தவற்றில் பல மறைந்துவிடும், அவை அங்கே இருந்ததே இல்லை.

டிஸ்கவரின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். 600 ஜிபி எங்கே, 200 எம்பி எங்கே, எதையாவது விட்டுத்தானே ஆகவேண்டும். முக்கியமாக லெகாட்டோ இல்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் அந்த இணைப்பு கிடையாது. சுரங்களைச் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நீட்டி, மாறும் இடத்தில் சிசி 1-ஐ ஒரு பள்ளம் போல இறக்கி ஏற்றினால் ஓரளவு ஒப்பேற்றலாம். மெதுவான மெலடியில் கவனித்துக் கேட்பவருக்கு அப்போதும் தெரியும். ஆகவே இதன் வயலினுக்கு மெலடியைக் கொடுக்காதீர்கள், பின்னணியைக் கொடுங்கள். கமகத்தை இதில் எதிர்பார்ப்பதே தவறு. நேராகப் பிடித்து வாசித்த சுரங்கள் இவை. கமகம் வேண்டும் என்றால் வயலின் வாசிக்கும் ஒருவரைக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள், இந்த ஊரில் நல்ல வயலின் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே ஒரு நிஜ வயலின், சாம்பிள் கூட்டத்தின் மேல் ஓடினால் கூட்டம் முழுவதும் நிஜம் போலத் தோன்றும். நான் செய்ததில் 'கிராண்ட்' என்று பாராட்டு வாங்கியதெல்லாம் அப்படிச் செய்தவைதான்.

ராத்திரி நேரமானால் ஸ்பீக்கர் போட முடியாத அடுக்குமாடி வாழ்க்கையில் முக்கால்வாசி வேலை ஹெட்ஃபோனில்தான். பழைய சென்ஹைசர் ஹெச்டி 600 வைத்திருக்கிறேன். வயலின், ஓபோ எல்லாவற்றையும் நேர்மையாகக் காட்டும். அடிமட்டத்தைக் குறைத்தே காட்டும். டபுள் பேஸையும் டிம்பனியையும் அதை நம்பி ஏற்றினால் மேடையில் மாட்டிக்கொள்வோம். ஒரு மன்றத்தில், பெயர் வேண்டாம், மேடைக்குக் கீழே இரண்டு பெரிய சப்வூஃபர்களை யாரோ எப்போதோ முழுதாகத் திருகிவைத்து, பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விட்டார்கள். என் டிம்பனி முதல் அடியிலேயே முன்வரிசைப் பாட்டிமார்களைத் துள்ள வைத்தது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடப்பக்க முழக்கம், எங்கே போனதென்றே தெரியவில்லை. அன்றிலிருந்து டபுள் பேஸ், பாஸ் டிரம், டிம்பனி மூன்றையும் ஒரே குரூப்பில் போட்டு, 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ஷெல்ஃபைத் தயாராக வைத்திருக்கிறேன். ஒத்திகையில் அரங்கைக் கேட்டபிறகு எவ்வளவு இறக்குவது என்று தீர்மானிப்பேன். மோனோவிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பல மன்றங்களில் இடமும் வலமும் ஒரே ஸ்பீக்கருக்குத்தான் போகின்றன, லண்டன் இருக்கை அமைப்பெல்லாம் அங்கே செல்லாது.

கோருக்குக் காசு கொடுக்கலாமா? லெகாட்டோ வேண்டும், ஆர்கெஸ்ட்ராவே கதாநாயகன் என்றால் கொடுக்கலாம். டிஸ்கவரில் எழுதியதை அப்படியே கோரில் திறந்து ஓட்டும்படிதான் மூன்று பதிப்புகளையும் அமைத்திருக்கிறார்கள், எனவே செய்த வேலை வீண் போகாது. ஆனால் கோரிலும் முன்கூட்டியே கலந்த கலவைதான், தூரம் கிட்டம் பிரச்சினை அங்கேயும் முழுதாகத் தீராது. அதற்கு புரொஃபெஷனல்தான், அதற்கேற்ற கம்ப்யூட்டரும்தான். என்னைப் போல வீணைக்கும் பாட்டுக்கும் பின்னால் திரை விரிப்பவர்களுக்கு, அந்தக் காசில் ஒரு நல்ல மைக் வாங்குவது மேல்.

கடைசியாக, ஃபைலைக் கொடுக்கும்போது முழுவதையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஃபைலாகக் கொடுக்காதீர்கள். வீணையும் பாட்டும் ஒன்று, தந்தியும் ஊதலும் ஒன்று, அடிமட்ட வாத்தியங்கள் ஒன்று என்று மூன்றாகப் பிரித்து, மூன்றும் ஒரே இடத்தில் தொடங்கும்படி ஏற்றுமதி செய்து கொடுங்கள். ஒலிக்கட்டுப்பாட்டில் உட்காரும் தம்பியிடம் ஒரு கோப்பி வாங்கிக்கொடுத்து, மூன்றாவது ஃபேடரை மட்டும் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.